வேலூர்ப் பக்கமிருந்து ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் படிக்க நினைப்பவருக்கு

கேள்வி: குடியாத்தம் எங்கள் ஊர். வேலூரில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், கல்லூரிக் கபடி அணியில் இருக்கிறேன். ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்டில் எம்.பி.ஏ. படித்தால் வேலை கிடைக்குமா? எங்கே படிக்கலாம்? இப்போதிருந்தே என்ன செய்ய வேண்டும்? வீட்டில் பி.பி.எட். படி என்கிறார்கள்.

தம்பி, வீட்டில் சொல்வதிலிருந்தே தொடங்குவோம். பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம் படித்தால் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் வேலைக்குத் தகுதி வரும். எம்.பி.ஏ. ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் அந்தத் தகுதியைத் தராது. கோச் ஆக வேண்டுமென்றால் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) பயிற்சியாளர் டிப்ளமோ வேறு வழி. காயம்பட்டவர்களைத் தேற்றும் வேலை பிசியோதெரபி படித்தவர்களுடையது. இந்த நான்கையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு சேர்ந்துவிட்டு, இரண்டாம் வருடத்தில் கண்ணைத் தேய்த்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். அரசுப் பள்ளி வேலைதான் வீட்டின் கனவு என்றால் அவர்கள் சொல்வதே சரி. தமிழக அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீடும் நீங்கள் ஆடிச் சாதித்ததற்குத்தான், மேலாண்மைப் பட்டத்துக்கு அல்ல. அதனால் பல்கலைக்கழக அணிக்கு ஆடியிருந்தால் அந்தச் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அப்படியென்றால் ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்காரர் என்னதான் செய்கிறார்? ஆட்டத்துக்கு வெளியே இருக்கும் அத்தனையையும். சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கத்தை நமக்கெல்லாம் தெரியும். 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் என இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியவர். அந்த அளவில் ஆடும் ஒருவரைச் சுற்றி எவ்வளவு வேலை இருக்கிறது என்று பாருங்கள். பளுதூக்குதலில் எடை பார்ப்பது போட்டிக்கு 2 மணி நேரம் முன்பு தொடங்கி 1 மணி நேரத்தில் முடிந்துவிடும். அதைத் தவறவிட்டால் மேடையே கிடையாது. ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் பெயர் இருந்தால், தினமும் எந்த 60 நிமிடம் எங்கே இருப்பேன் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். 12 மாதத்துக்குள் மூன்று முறை தவறினால், மருந்தே தொடாதவர் மீதும் விதிமீறல் வழக்கு வரும். அந்தப் படிவம், விசா, காப்பீடு, ஸ்பான்சர் ஒப்பந்தம், பயணச் சீட்டு எல்லாவற்றையும் யாரோ ஒருவர் தேதி தவறாமல் பார்த்தாக வேண்டும். அந்த யாரோ ஒருவர் ஆவதற்குத்தான் இந்தப் படிப்பு.

இந்தப் படிப்பு பிறந்த விதமே அப்படித்தான். 1950களின் கடைசியில் அமெரிக்காவில் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் வால்டர் ஓமாலி, அணியையும் மைதானத்தையும் நிர்வகிக்கத் தெரிந்த ஆட்களை எந்தக் கல்லூரி உருவாக்குகிறது என்று ஜேம்ஸ் மேசன் என்ற பேராசிரியரைக் கேட்டார். அதன் தொடர்ச்சியாக 1966இல் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் முதல் முதுகலை வகுப்பு தொடங்கியது. வேலை முதலில் இருந்தது, வகுப்பு பிறகு வந்தது. இன்றும் ஆள் எடுப்பவர்கள் அந்த வரிசையில்தான் யோசிக்கிறார்கள்: என்ன நடத்தியிருக்கிறாய் என்பது முதல் கேள்வி, எங்கே படித்தாய் என்பது இரண்டாவது.

எங்கே படிப்பது என்றால், நமக்குப் பக்கத்தில் இருப்பது வண்டலூரை அடுத்த மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அரசுப் பல்கலைக்கழகம், எம்.பி.ஏ. ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் அங்கே உண்டு. தனியார் நிறுவனங்களோடு ஒப்பிட்டால் கட்டணச் சுமை குறைவு, பட்டத்தின் செல்லுபடி பற்றிக் கவலையும் இல்லை. வெளி மாநிலத்தில் கொல்கத்தாவின் ஐ.ஐ.எஸ்.டபிள்யூ.பி.எம். நிறுவனத்தில் முதுகலை டிப்ளமோ நெடுங்காலமாக நடக்கிறது. புனேயில் சிம்பயாசிஸ், மும்பையில் முன்னாள் கிரிக்கெட் வீரர் நீலேஷ் குல்கர்னி தொடங்கிய ஐ.ஐ.எஸ்.எம். ஆகியவை தனியார் துறையில் பெயர் பெற்றவை. செலவும் அதற்கேற்ப இருக்கும். பி.காமைப் பாதியில் விட்டுவிட்டு எங்காவது பி.பி.ஏ. ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் சேரும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுங்கள். கணக்குத் தெரிந்தவர்களுக்கு இந்தத் துறையில் எப்போதும் பஞ்சம். பி.காம். உங்களுக்குச் சுமை இல்லை, கைமுதல்.

எந்தக் கல்லூரியானாலும் சேருமுன் மூன்று விஷயம் பாருங்கள். பட்டச் சான்றிதழில் யார் பெயர் இருக்கும் என்பது முதலாவது. விளம்பரத்தில் எம்.பி.ஏ. என்று பெரிதாக இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு தனியார் நிறுவனம் வகுப்பு நடத்த, வேறு மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று பட்டம் தருவதாக இருக்கும். அந்தப் பல்கலைக்கழகம் யு.ஜி.சி. பட்டியலில் இருக்கிறதா, தன் மாநிலத்துக்கு வெளியே வகுப்பு நடத்த அதற்கு அனுமதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்தது, போன வருடத்து மாணவர்கள் எங்கே, எத்தனை வாரம், என்ன வேலையில் இன்டர்ன்ஷிப் செய்தார்கள் என்ற பட்டியல். "பெரிய லீக்குகளோடு தொடர்பு இருக்கிறது" என்று வாயால் சொல்வதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைசியாக, இரண்டு வருடத்துக்கு முன்பு படித்து முடித்த மூன்று பேரை லிங்க்ட்இன்னில் தேடிப் பிடித்து இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். போன மாதம் முடித்தவர் நம்பிக்கையைச் சொல்வார். இரண்டு வருடம் ஆனவர் நிலவரத்தைச் சொல்வார். மூவரில் இருவர் வேறு துறைக்குப் போயிருந்தால் அந்தக் கல்லூரிக்குக் கடன் வாங்கிப் போகாதீர்கள்.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு நேரான பதில்: கிடைக்கும், ஆனால் முதல் இரண்டு மூன்று வருடம் சீசன் வேலையாக இருக்கும். டி.என்.பி.எல். கிரிக்கெட், புரோ கபடி மாதிரி லீக்குகள் சில மாதங்களே நடப்பவை. போட்டிக்குச் சற்று முன்பு ஆள் எடுத்து, முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். ஒரு சீசன் முடியும் முன்பே அடுத்ததற்கு விண்ணப்பித்திருப்பவர்தான் நிலைக்கிறார். வருடம் முழுக்கச் சம்பளம் வேண்டுமென்றால் பெரிய பள்ளிகள், தனியார் பல்கலைக்கழகங்களின் விளையாட்டு அலுவலகம், விளையாட்டுப் பொருள் விற்பனை, அகாடமி நிர்வாகம், இந்திய விளையாட்டு ஆணையமான சாய் அமைப்பில் அவ்வப்போது வரும் ஒப்பந்தப் பணிகள் என்று பார்க்க வேண்டும். நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் பெங்களூரு. காலையில் நேர்காணலுக்குப் போய் இரவில் வீடு திரும்பலாம். இரண்டு நகரத்திலும் விண்ணப்பியுங்கள். சென்னையோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம்.

இனி இப்போதே செய்ய வேண்டியது. இதைத்தான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன். படிப்பில் சேருமுன் ஒரு போட்டியை முதல் தாளிலிருந்து கடைசி ரசீது வரை நீங்களே நடத்துங்கள். உங்களுக்குக் கபடி தெரியும், அதையே எடுத்துக்கொள்வோம். 16 அணி, இரண்டு நாள், இரண்டு ஆடுகளம்.

எல்லோரும் முதலில் நினைப்பது: நான்கு பிரிவு, பிரிவுக்கு நான்கு அணி, லீக் முடிந்து காலிறுதி. கணக்குப் போடுங்கள். நான்கு அணி ஒன்றோடொன்று மோத 6 ஆட்டம். நான்கு பிரிவுக்கு 24. பிரிவுக்கு இரண்டாக 8 அணி தேறி, அதற்குமேல் 7 ஆட்டம். மொத்தம் 31. ஒரு ஆட்டம் 20 நிமிடம் இரண்டு பாதி, நடுவே 5 நிமிட இடைவேளை. டைம் அவுட், அணி மாறுவது, தலைவரின் கைகுலுக்கல் எல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரம் என்று வைப்பதே பாதுகாப்பு. வேலூர் வெயிலில் பகலில் ஆட வைக்க முடியாது. மாலை 4 மணிக்குத் தொடங்க வேண்டும். திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணியோடு தடை. ஆக ஒரு நாளைக்கு 6 மணி நேரம், இரண்டு களம், இரண்டு நாள்: 24 ஆட்டம்தான் போகும். 31 எங்கே, 24 எங்கே? நள்ளிரவு ஒரு மணிக்கு அரையிறுதி நடத்தி, கூட்டம் கலைந்து, போலீஸ் வந்து மைக்கை நிறுத்தும் போட்டிகள் எல்லாம் இந்தக் கணக்கைப் போடாமல் நோட்டீஸ் அடித்தவைதான். நாக் அவுட் என்றால் 15 ஆட்டம். மழைக்கும் தாமதத்துக்கும் சேர்த்து இடம் இருக்கும். நாக் அவுட்டில் எத்தனை அணியோ அதில் ஒன்று குறைவாக ஆட்டம். இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

நோட்டீஸில் 16 என்று போட்டாலும் 13 அணிதான் வரும். அப்போது அட்டவணையைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். 2, 4, 8, 16 என்று இரட்டிக்கும் வரிசையில் 13க்கு அடுத்தது 16. அதனால் மூன்று பை (bye), அதாவது மூன்று அணி முதல் சுற்று ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும். மேல் பாதியில் 7 அணி, கீழ்ப் பாதியில் 6. முதல் பை கீழ்ப் பாதியின் கடைசி அணிக்கு, இரண்டாவது மேல் பாதியின் முதல் அணிக்கு, மூன்றாவது கீழ்ப் பாதியின் முதல் அணிக்கு. மேலே 7 அணியும் ஒரு பையும், கீழே 6 அணியும் இரண்டு பையும் என்று இரண்டு பக்கமும் எட்டு எட்டாகச் சரியாகும். குலுக்கலை எல்லா அணித் தலைவர் முன்னிலையிலும் நடத்திக் கையெழுத்து வாங்குங்கள். பெரிய அணிக்குப் பை போய்ச் சேர்ந்தால் "உள்ளே பேசி முடித்துவிட்டார்கள்" என்ற பேச்சு முதல் ஆட்டத்துக்கு முன்பே கிளம்பிவிடும். அதை அடக்கும் ஒரே மருந்து அந்தக் கையெழுத்துத் தாள்தான்.

ஒரு களத்துக்கு ரெஃப்ரி ஒருவர், அம்பயர் இருவர், ஸ்கோரர் ஒருவர், துணை ஸ்கோரர் இருவர் என ஆறு பேர். இரண்டு களத்துக்கு 12 பேர். இவர்களை மாவட்டக் கபடிக் கழகம் மூலம் எழுத்தில் அழையுங்கள். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். மேட் வாடகைக்கு எடுக்கும்போது சுற்றிலும் கூட்டம் முட்டாத அளவு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். 16 அணிக்கு, அணிக்கு ஆட்டக்காரர் 12, உடன் வருபவர் 2 என 14 பேர் என்றால் 224 பேர். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் என்று வைத்தாலே 672 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 34. இதைப் பத்துக் கேனோடு முடிக்கப் பார்த்து, ஏழு மணிக்கு ஊர் முழுக்கக் கேன் தேடி அலைவது வழக்கமான காட்சி.

அடுத்து அடிதடி வரும் இடம்: ஒரே ஆட்டக்காரர் இரண்டு அணியில் இறங்குவது, வெளி மாவட்ட ஆட்டக்காரரை வேறு பெயரில் சேர்ப்பது. பதிவு செய்யும்போதே 12 பேரின் பெயர், ஆதார் நகல், படம் மூன்றும் ஒரே தாளில் வாங்கிவிடுங்கள். ஆட்டம் முடிந்து எத்தனை நிமிடத்துக்குள் ஆட்சேபம் தர வேண்டும், அதற்கு என்ன கட்டணம், முடிவு யார் கையில் என்பதை விதித்தாளில் அச்சடியுங்கள். பிறகு யார் வந்து சண்டை போட்டாலும் நீங்கள் குரலை உயர்த்தவே தேவையில்லை, தாளைக் காட்டினால் போதும்.

பணம். இங்கேதான் உங்கள் பி.காம். பேசும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல், காலணி நிறுவனங்கள் ஏராளம். அங்கே போய்ப் பொதுவாக "நன்கொடை" என்று கேட்பவருக்கு ஐயாயிரம் கிடைக்கும். நிறுவனத்தில் பணம் இரண்டு பையில் இருக்கிறது என்று தெரிந்து கேட்பவருக்குப் பதில் வேறு. ஒன்று விளம்பரப் பணம். அதற்கு நீங்கள் தருவது பின்திரை, களத்தோரத் தட்டி, ஜெர்ஸி, மைக் அறிவிப்பு, வீடியோ. ஒவ்வொன்றுக்கும் விலை, அளவு போட்டு ஒரு பக்கப் பட்டியல் கொடுக்க வேண்டும். மற்றது சி.எஸ்.ஆர்., அதாவது நிறுவனம் சமூக நலனுக்கென்று ஒதுக்கும் பணம். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். கிராமப்புற விளையாட்டு, ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சி அதன் ஏழாம் அட்டவணையிலேயே இருக்கிறது. ஆனால் தன் பொருளை விற்க உதவும் ஸ்பான்சர்ஷிப்பை சி.எஸ்.ஆர். கணக்கில் காட்டக் கூடாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. காலணி பிராண்டின் பெயரைப் பெரிய தட்டியில் போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே சி.எஸ்.ஆர். பணம் கேட்டால், அந்த நிறுவனத்தின் கணக்காளர் முதல் வரியிலேயே கோப்பை மூடிவிடுவார். மேலும் அந்தப் பணத்தைப் பெறும் சங்கத்துக்கு வருமான வரித் துறையில் அறப்பணி அமைப்பாகப் பதிவு (12ஏ, 80ஜி என்பார்கள்), சி.எஸ்.ஆர். பணம் பெறுவதற்கான சி.எஸ்.ஆர்.-1 எண், மூன்றாண்டு அனுபவம் எல்லாம் வேண்டும். உங்கள் ஊர்க் கபடிக் குழு பதிவு பெறாமல் இருந்தால், குறைந்தது ஏழு பேர் சேர்ந்து சங்கப் பதிவுச் சட்டத்தில் இப்போதே பதியுங்கள். நீங்கள் எம்.பி.ஏ. முடிக்கும்போது அந்த மூன்றாண்டு கைக்கு வந்திருக்கும்.

ஸ்பான்சரிடம் பணம் வாங்கியதோடு வேலை முடியாது. போட்டி முடிந்து பத்து நாளுக்குள் நான்கு பக்க அறிக்கை கொடுங்கள்: தட்டி நின்ற இடத்தின் படம், வந்த அணிகள், கூட்டத்தின் தோராய எண்ணிக்கை, பத்திரிகையில் வந்த செய்தி, வரவு செலவு. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதைச் செய்வதில்லை. அதனால்தான் அடுத்த வருடம் அதே நிறுவனம் கதவைத் திறப்பதில்லை. ஒரே துறையின் பணத்தை நம்பியிருப்பதும் ஆபத்து. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி விளையாடும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்தியச் சட்டம் தடை செய்ததும், இந்தியக் கிரிக்கெட் அணியின் ஜெர்ஸியிலிருந்தே ட்ரீம் லெவன் விலக வேண்டியதாயிற்று. பி.சி.சி.ஐ. உடனே வேறு ஆளைப் பிடித்துவிடும். மாவட்டப் போட்டி அப்படியே நின்றுவிடும்.

நம் மாவட்டத்தில் இன்னொரு பள்ளிக்கூடமும் இருக்கிறது, அதை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை: தை மாதத்து மாடு விடும் விழா. குறித்த தூரத்தைக் குறைந்த நொடியில் கடக்கும் காளைக்குப் பரிசு. கலெக்டர் அனுமதி, இரு பக்கத் தடுப்பு, கால்நடை மருத்துவர் சோதனை, காப்பீடு, ஆம்புலன்ஸ், நேரக் கணிப்பு என்று ஒரு பெரிய விளையாட்டு நிகழ்ச்சிக்குரிய அத்தனையும் அதில் உண்டு. ஆபத்து எங்கே வருகிறது என்று கவனியுங்கள். வாடிவாசல் பக்கத்தைவிட, காளை ஓடி முடிக்கும் கோடிப் பக்கத்தில், பார்க்கும் ஆசையில் ஆட்கள் தடுப்புக்குள் இறங்கும்போதுதான். அங்கே தடுப்பு வேலையில் நின்று கற்றுக்கொண்ட கூட்டக் கட்டுப்பாடு எந்த ஸ்டேடியத்திலும் செல்லும். விழாக்குழுவில் பெரியவர்களிடம் சொல்லி அனுமதிக் கோப்பு வேலையைக் கேட்டு வாங்குங்கள். முதலமைச்சர் கோப்பை மாவட்டப் போட்டிகளுக்கும் வி.ஐ.டி.யின் ரிவியரா மாதிரிக் கல்லூரி விழாக்களுக்கும் தன்னார்வலராகப் போகும்போதும் மேடைப் பக்கம் நிற்காமல் பதிவு மேசையையோ முடிவு மேசையையோ கேளுங்கள். சிக்கல் எல்லாம் அங்கேதான் வந்து விழும்.

படித்து முடித்து ஊரிலேயே டர்ஃப், அதாவது மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானம் போடலாம் என்ற யோசனையும் பலருக்கு இருக்கிறது. மணிக்கு 800 ரூபாய், தினம் 5 மணி நேரம் நிரம்புகிறது என்று வைத்தால் மாதம் 1,20,000. அதில் இட வாடகை, மின்கட்டணம், இரண்டு ஆள் சம்பளம், கடன் தவணை போக என்ன நிற்கும் என்று பாருங்கள். சித்திரை, வைகாசியில் காலை 10 முதல் மாலை 4 வரை ஒருவரும் வர மாட்டார்கள். செயற்கைப் புல் தேய்ந்ததும் மாற்றுவதற்கான பணத்தை மாதாமாதம் தனியே ஒதுக்காதவர்கள் சில வருடத்திலேயே பள்ளம் விழுந்த தரையோடு நிற்கிறார்கள். வேறு ஒருவர் டர்ஃபில் ஆறு மாதம் கணக்கு எழுதிவிட்டு முடிவெடுங்கள்.

மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் உங்கள் கையில் ஒரு கோப்பு இருக்க வேண்டும். அதில் நீங்கள் நடத்திய போட்டியின் விதித்தாள், கையெழுத்திட்ட குலுக்கல் அட்டவணை, எக்செல்லில் போட்ட வரவு செலவு, ஸ்பான்சருக்குத் தந்த அறிக்கை, எது தவறியது ஏன் தவறியது என்று நீங்களே எழுதிய ஒரு பக்கம். சேர்க்கை நேர்காணலில் அந்தக் கடைசிப் பக்கத்தை முதலில் எடுத்து வையுங்கள்.